எலியிடம் கேட்கக் கூடாத கேள்வி

அக்குபங்சரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு கட்டத்தில் இந்த வாதம் வந்துவிடும். மனிதருக்கு வலி குறைந்தால் அது மனத்தின் நம்பிக்கை என்று சொல்லிவிடலாம்; ஆய்வுக்கூடத்து எலிக்கு என்ன நம்பிக்கை இருக்கிறது? ஊசி குத்தினால் அதற்கும் வலி குறைகிறதே, அப்படியானால் சிகிச்சை உண்மைதானே? முதல்முறை கேட்கும்போது மறுக்க வழியே இல்லை என்று தோன்றும். சிகிச்சையாளர்களின் துண்டறிக்கைகளிலும் காணொளிகளிலும் இது திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

இந்த வாதம் தவறு. அதன் விலையைக் கொடுப்பவை எலிகள். ஏனென்றால், வலி குறைகிறதா என்று ஒரு விலங்கிடம் பார்க்க வேண்டுமானால், முதலில் அதற்கு வலியை உண்டாக்கியாக வேண்டும்.

ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு விலங்கு ஆய்வுகள் சில அருமையான விடைகளைத் தந்திருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசியால் வலி குறைகிறதா, எவ்வளவு குறைகிறது, அது சிகிச்சையாகப் பயன்படுமா என்ற கேள்விகளை விலங்கிடம் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல வாயுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். அக்குபங்சர் ஆய்வின் அறுபது ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் இதழின் மூத்த பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் திடீரென்று குடல்வால் அறுவை செய்ய வேண்டி வந்தது. உடலை மரத்துப்போகச் செய்யும் வழக்கமான மருந்தைக் கொடுத்துத்தான் அறுவை நடந்தது. மறுநாள் இரவு வயிறு உப்பி அவர் துடித்தபோது, மருத்துவமனையின் அக்குபங்சர் மருத்துவர் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசிகளைச் செருகினார். ஒரு மணி நேரத்தில் உபாதை தணிந்தது என்று ஜூலை 26ஆம் தேதி ரெஸ்டன் எழுதினார். அந்தக் கட்டுரை வாய்க்கு வாய் மாறி, மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தியே அவருக்கு அறுவை செய்தார்கள் என்ற கதையாகிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா சென்றார். மேற்கத்திய மருத்துவர்கள் அணி அணியாகப் பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் கிளம்பினார்கள்.

ரெஸ்டனின் கட்டுரைக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் ஹான் ஜிஷெங் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் வேலையைத் தொடங்கியிருந்தார். அவருடைய குழு முதலில் போனது தன்னார்வலர்களிடம். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில், ஹேகூ என்று சொல்லப்படும் இடத்தில் ஊசியைச் செருகித் திருகினார்கள். தோலின் வலி தாங்கும் அளவு உடனே உயரவில்லை. மெல்ல மெல்ல ஏறி ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டது. ஊசியை எடுத்த பிறகும் உடனே விழவில்லை. பதினாறு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் இறங்கியது. ஊசி குத்தும் இடத்தில் புரோகெய்ன் போட்டு நரம்பை மரக்கச் செய்தால் எந்தப் பலனும் இல்லை. அதாவது நரம்பு வழியாகச் செய்தி போக வேண்டும். போன செய்தி ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்க வைக்க வேண்டும். நரம்பின் வேலை மட்டும் என்றால் இவ்வளவு நிதானமாக ஏறி இறங்காது என்று அவர்கள் ஊகித்தார்கள்.

அந்த ஊகத்தைச் சோதிக்கத்தான் முயல்கள் வந்தன. அக்குபங்சர் தூண்டல் பெற்ற முயலின் மூளையைச் சூழ்ந்த திரவத்தை எடுத்து, எந்தத் தூண்டலும் பெறாத இன்னொரு முயலின் மூளை அறைக்குள் செலுத்தினார்கள். இரண்டாவது முயலுக்கும் வலி தாங்கும் அளவு உயர்ந்தது. 1974இல் வெளியான இந்த முடிவு வலி ஆய்வின் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. கலாசாரப் புரட்சியின் நடுவில், வெளியுலக ஆய்விதழ்கள் அரிதாகவே கைக்குக் கிடைத்த நாட்களில் இதைச் செய்தார்கள் என்பது இன்னும் வியப்பு. இங்கே கவனிக்க வேண்டியது வேலை நடந்த வரிசை. வலி குறைகிறதா என்பதை மனிதரிடம் பார்த்து முடித்துவிட்டு, மனிதரிடம் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வதற்காக மட்டும் முயலிடம் போனார்கள். பின்னால் வந்த பலர் இந்த வரிசையை மறந்துவிட்டார்கள்.

அந்த ரசாயனம் என்ன என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபெர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் மூளை தானே தயாரிக்கும் அபினி போன்ற பொருளைக் கண்டுபிடித்து என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே டொரான்டோவில் புரூஸ் பொமரான்ஸும் அவருடைய சகாவும் சுண்டெலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மெல்லிய மின்சாரம் பாய்ச்சிய ஊசிகள் கொடுத்தபின், சூடு பட்டுச் சுண்டெலி கீச்சிடும் நேரம் தள்ளிப்போனது. அபினி வகை மருந்துகளை முறியடிக்கும் நாலாக்சோனைக் கொடுத்ததும் அந்தப் பலன் மறைந்தது. 1978இல், அபினி ஏற்பிகள் இயல்பிலேயே குறைவாக உள்ள ஒரு சுண்டெலி இனத்தில் மின் அக்குபங்சர் சரியாகப் பலிக்கவில்லை என்று அதே ஆய்வுக்கூடம் காட்டியது. பின்னர் ஹானின் குழு, நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் என்கெஃபலினும் அதன் உறவுப் பொருட்களும், 100 துடிப்பு கொடுத்தால் டைனார்பினும் சுரக்கின்றன என்பதை எலிகளில் நிறுவியது.

இவ்வளவும் உறுதியான அறிவு. உடலை ஒரு குறிப்பிட்ட விதத்தில் தூண்டினால் அது தன் சொந்த வலி நிவாரணியைச் சுரக்கிறது. ஆனால் இந்த முடிவு எதைச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். உடலில் சக்தி ஓடும் பாதைகள் உண்டு என்று அது சொல்லவில்லை. குறித்த புள்ளியில் குத்தினால்தான் பலன் என்று சொல்லவில்லை. முதுகுவலிக்காரர் ஒருவர் பத்து முறை ஊசி போட்டுக்கொண்டால் வேலைக்குத் திரும்புவார் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை.

இதற்காக விலங்குக்கு என்ன நடக்கிறது என்பதை நாளிதழ் வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஆய்வறிக்கைகளில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

மிகப் பழைய முறை வால் இழுப்புச் சோதனை. 1941இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. எலியின் வாலில் சூடான ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, வாலை அது எத்தனை நொடியில் சுண்டி இழுக்கிறது என்று பார்ப்பார்கள். இது சில நொடி வலி. விலங்கே விலகிக்கொள்ள முடியும். நாள்பட்ட வலிக்கான முறைகள் வேறு ரகம். கொல்லப்பட்ட காசநோய்க் குடும்பக் கிருமிகளை எண்ணெயில் கலந்து பாதத்தில் செலுத்துவார்கள். பாதம் வீங்கிச் சிவந்து நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நோகும். 1988இல் அறிமுகமான இன்னொரு முறையில், தொடையைத் திறந்து கால் நரம்பைச் சுற்றி நான்கு இடங்களில் நூலைத் தளர்வாகக் கட்டித் தைத்துவிடுவார்கள். நரம்பு வீங்கி அந்தக் கட்டுக்குள் நெரிபடும். எலி அந்தக் காலைத் தூக்கியே வைத்துக்கொள்ளும். அதன்பின் கம்பிவலைத் தரையில் அதை நிறுத்தி, கீழிருந்து நைலான் இழைகளால் பாதத்தைக் குத்தி, எந்தத் தடிமனில் காலை உதறுகிறது என்று குறிப்பார்கள். ஆய்வு முடிவு கெட்டுவிடும் என்பதால் இந்த எலிகளுக்குப் பொதுவாக வலி நிவாரணி தரப்படுவதில்லை. வேறு எந்த ஆய்வில் இந்த அறுவை நடந்தாலும் கால்நடை மருத்துவர் புப்ரெனார்ஃபின் என்ற வலி நிவாரணியைக் கொடுக்கச் சொல்லியிருப்பார்.

அவை வாய்விட்டுச் சொல்லாது என்பதால் வலி இல்லை என்று ஆகாது. 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு சுண்டெலியின் முகத்தில் வலியைப் படிக்கும் அளவுகோலை வெளியிட்டது. கண்ணை இடுக்குவது, மூக்குப் பாலம் புடைப்பது, கன்னம் உப்புவது, காது பின்னால் சாய்வது, மீசை மயிர் நிலை மாறுவது ஆகிய ஐந்தையும் பார்த்தாலே வலியின் அளவு தெரிகிறது. பேச இயலாமை என்பது மனிதரோ விலங்கோ வலியை உணரவில்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்பில் ஏற்றுக்கொண்டது.

இனி அந்தப் பெரிய வாதத்துக்கு வரலாம். எலிக்கு நம்பிக்கை இல்லை, சரி. ஆனால் எலிக்குப் பயம் உண்டு.

விழித்திருக்கும் எலிக்கு ஊசி போட வேண்டுமானால் அதை அசையாமல் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் திணிப்பார்கள், அல்லது துணியில் சுற்றுவார்கள். எலியின் உலகத்தில் பிடிபடுவது என்றால் சாகப்போவது. அந்த நெருக்கடியில் அதன் மூளை சொந்த வலி நிவாரணிகளை வெள்ளமாகச் சுரக்கும். காயத்தோடு ஓடித் தப்ப வேண்டிய உயிரினத்துக்கு அது இயற்கை தந்த வசதி. 1980இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் எலியின் பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்து இதைக் காட்டினார்கள். அதிர்ச்சியால் எலிக்கு வலி உணர்வு மங்கியது. அதிர்ச்சி கொடுத்த விதத்தைப் பொறுத்து அந்த மங்கலை நாலாக்சோன் நீக்கியது. அதாவது அக்குபங்சருக்குச் சான்றாகக் காட்டப்படும் அதே நாலாக்சோன் சோதனையில் வெறும் அச்சமும் துன்பமும்கூடத் தேறிவிடும்.

மோகிலின் குழு 2014இல் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டது. அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தாலே எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் ஆய்வாளர் இருந்தபோது அப்படி நடக்கவில்லை. ஆண் ஒருவர் முந்தைய இரவு அணிந்த பனியனைப் பக்கத்தில் வைத்தாலே போதுமானதாக இருந்தது. ஆண் விலங்கின் வாடை எலிக்கு அச்சத்தை ஊட்டுகிறது. அச்சம் வலியை அமுக்குகிறது. ஊசி போட்டவர் ஆணா பெண்ணா என்பதை எத்தனை அக்குபங்சர் ஆய்வுகள் பதிவு செய்திருக்கும்?

பாரிஸில் டேனியல் ல பார் குழுவினரின் ஆய்வு இந்தத் துறையில் அனைவரும் படிக்க வேண்டியது. உடலின் ஓரிடத்தில் வலுவான வலியைக் கொடுத்தால் வேறிடத்து வலிச் செய்திகள் முதுகுத்தண்டில் அடக்கப்படும் என்பதை அவர்கள் 1979இல் எலிகளில் நிறுவினார்கள். பல்வலிக்காரர் கையை அழுத்திக் கிள்ளிக்கொள்வது இதனால்தான். 1990இல் மரபான சீன அக்குபங்சர் வல்லுநர் ஒருவரையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, மயக்கத்தில் இருந்த எலியின் பின்னங்காலில் சூசான்லி என்ற புகழ்பெற்ற புள்ளியில் ஊசியைத் திருகச் சொன்னார்கள். முகத்திலிருந்து வலிச் செய்தி வாங்கும் நரம்பணுக்களின் துடிப்பு கணிசமாக அடங்கியது. அடுத்து, அந்தப் புள்ளியை ஒட்டி, எந்தப் புள்ளியும் இல்லாத இடத்தில் ஊசியைத் திருகச் சொன்னார்கள். அப்போதும் அதே அளவு அடங்கியது. மறுகால் பாதத்தைச் சூட்டில் வைத்தாலும் அதே விளைவுதான். மூன்றையும் நாலாக்சோன் குறைத்தது.

ஊசி வேலை செய்தது என்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. வரைபடத்தில் குறித்த புள்ளி வேலை செய்தது என்பதைத்தான் மறுக்கிறது. எலிக்கென்று பழைய சீன நூல்களில் புள்ளி வரைபடம் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குதிரை மருத்துவத்துக்கு 1608இலேயே அங்கே தனி நூல் உண்டு. எலியின் புள்ளிகள் மனித உடலின் வரைபடத்திலிருந்து நம் காலத்தில் பெயர்த்து வைத்தவை. மனிதக் காலில் ஒரு விரல் அகலம் தள்ளினால் புள்ளி மாறிவிடும் என்பவர்கள், சுண்டெலியின் காலில் அந்த விரல் அகலம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

நம்பிக்கை விலங்குக்கு இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒரு மருந்தின் ஊசியைப் பலமுறை பெற்ற எலிக்கு, பிறகு வெறும் உப்புநீர் ஊசி போட்டாலும் மருந்துக்குரிய விளைவு வருகிறது என்று ஹார்வர்டின் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டீன் 1962லேயே எழுதினார். பாவ்லோவின் நாய்களுக்குப் பிறகு இது யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. மனிதரிடமோ, மருந்துப்போலியால் வரும் வலிக்குறைவையே நாலாக்சோன் தடுக்கிறது என்பதை சான்பிரான்சிஸ்கோவில் பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் காட்டினார்கள். ஆகவே எண்டார்பின் எனப்படும் உடலின் சொந்த வலி நிவாரணி சுரந்தது என்பதை வைத்து, சுரக்கச் செய்தது ஊசியா, அச்சமா, எதிர்பார்ப்பா என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன.

நம்பிக்கை இன்னோரிடத்திலும் ஒளிந்திருக்கும். அது அளப்பவரின் கண். மூட்டு நோயால் நொண்டும் நாய்களைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. மருந்துப்போலி பெற்ற நாய்கள் தரையில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தது. கருவி முன்னேற்றம் காணாத இடத்திலும் நாயை வளர்த்தவர்கள் முன்னேற்றம் கண்டார்கள்; கால்நடை மருத்துவர்களும் கண்டார்கள். எலி காலை உதறியதா, லேசாக அசைத்ததா என்று தீர்மானிப்பவருக்கு எது ஊசி பெற்ற எலி என்று தெரிந்திருந்தால், அந்த அளவீட்டை நம்ப முடியாது. எலிக்கு ஊசியின் மேல் நம்பிக்கை இருந்ததா என்று கேட்பவர்கள், எண்ணைக் குறித்தவருக்கு இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் விலங்கு ஆய்வே வேண்டாமா? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு, எந்தக் கேள்விக்கு விலங்கு தேவைப்படலாம் என்பதற்கு நல்ல உதாரணம். பாதம் நோகும் சுண்டெலியின் முழங்காலுக்குக் கீழே ஊசியைச் செருகி, அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லத் திருகினார்கள். ஊசியைச் சுற்றிய திசுவில் அடினோசின் என்ற பொருள் சுமார் 24 மடங்கு உயர்ந்தது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏ1 என்ற ஏற்பி இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளில் ஊசி பலிக்கவே இல்லை. அடினோசின் சிதைவதைத் தடுக்கும் ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்தைச் சேர்த்தபோது பலன் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் நீடித்தது. ஒரு மரபணுவை நீக்கிப் பார்ப்பதை மனிதரிடம் செய்ய இயலாது. மூளை, எண்டார்பின் என்ற பழைய விளக்கத்துக்கு அப்பால், ஊசி பட்ட இடத்திலேயே ஏதோ நடக்கிறது என்ற புதிய செய்தி அதில் இருந்தது.

அதே குழு 2012இல் அடுத்த அடியையும் வைத்தது. தன்னார்வலர்களின் கால் திசுவில் நுண்ணிய குழாயைச் செருகி, ஊசி திருகும்போது அடினோசின் உயர்வதை மனிதரிடமே அளந்தது. ஹானும் 1991இல் இதே வழியில் போனார். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, தோல்மேல் ஒட்டும் மின்பட்டைகளின் துடிப்பு வேகத்தைப் பொறுத்து எந்த ரசாயனம் கூடுகிறது என்று பார்த்தார். 1977இல் அமெரிக்காவில் டேவிட் மேயர் குழுவினரும் நாலாக்சோன் சோதனையை மனிதப் பற்களில் செய்தார்கள், தடுக்கிறது என்றார்கள். 1983இல் இன்னொரு குழு மனிதரிடம் செய்துவிட்டுத் தடுக்கவில்லை என்றது. அந்தச் சச்சரவைத் தீர்த்துவைக்க எலியால் முடியாது. எப்படி என்ற கேள்வியில்கூட மனிதரிடம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இவை சாட்சி. இந்த நாற்பது ஆண்டுகளில், தோலை அறுக்காமல் மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வேறு வந்துவிட்டன.

வலி குறைகிறதா என்பதற்கு மனிதர்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி செருகப்பட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்கு. மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்கு. ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 29 ஆய்வுகளில் பங்கேற்ற 17,922 நோயாளிகளின் விவரங்களை 2012இல் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியோடு தொடங்குபவருக்கு, அக்குபங்சர் இல்லாவிட்டால் அது 43 ஆகலாம். போலி ஊசியால் 35 ஆகலாம். உண்மையான ஊசியால் 30 ஆகலாம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

இந்த எண்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 43க்கும் 30க்கும் இடையிலுள்ள தூரம் வலியோடு வாழ்பவருக்குச் சிறியதல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி போலி ஊசியிலேயே கிடைத்துவிடுகிறது. ஊசிக்கும் புள்ளிக்கும் மட்டும் உரியது என்று சொல்லத்தக்கது கடைசி ஐந்து. மற்றதெல்லாம் படுக்கவைத்து, நேரம் ஒதுக்கி, கேட்டு, தொட்டு, கவனித்ததன் பலனாகவே இருக்கலாம். எலி ஆய்வு எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எலிக்கு முதுகுவலியால் விடுப்பு எடுக்க வேண்டிய வேலையும் இல்லை, அக்கறையோடு விசாரிக்கும் மருத்துவரும் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016இல் முதுகுவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றது. இரண்டு முடிவும் மனித ஆய்வுகளை எடைபோட்டு எடுத்தவை.

இருந்தும் எலியின் காலில் நூலைக் கட்டி, சூசான்லியில் மின்சாரம் பாய்ச்சி, வலி குறைந்தது என்று முடிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. வீக்கத்தின் இன்னொரு மூலக்கூறு, நரம்பின் இன்னொரு புரதம் என்று ஒரு பெயர் மட்டும் மாறும். தோல்வியடைந்த ஆய்வு கண்ணில் படுவதே அபூர்வம். விக்கர்ஸ் 1998இல் நாடுவாரியாக மனித ஆய்வுகளைத் தொகுத்தபோது, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகியவற்றிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே சிகிச்சைக்குச் சாதகமாக முடிந்திருந்தன. எந்த மருந்துக்கும் அப்படி ஒரு வெற்றி வாய்ப்பதில்லை. பாதகமான முடிவுகள் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன என்பதுதான் இதற்கு நம்பத்தகுந்த விளக்கம். இழுப்பறையில் தங்கிய ஒவ்வொரு எலி ஆய்விலும் எலிகளின் வலி மட்டும் மிச்சம். அறிவுக்கு ஒன்றும் சேரவில்லை. அது தெரியாமல் இன்னொரு ஊரில் இன்னொருவர் அதையே மறுபடி செய்வார்.

பாலினம் பற்றியும் ஒரு வார்த்தை. நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுபவர்கள் பெண்கள். ஆனால் 1996 முதல் பத்தாண்டுகள் வலி ஆய்வுக்கான முதன்மை இதழில் வந்த விலங்கு ஆய்வுகளில் 79 சதவீதம் ஆண் விலங்குகளை மட்டுமே பயன்படுத்தியவை. ஆண் சுண்டெலியும் பெண் சுண்டெலியும் வலியைக் கடத்த வெவ்வேறு நோயெதிர்ப்பு அணுக்களைப் பயன்படுத்துகின்றன என்று 2015இல் தெரியவந்தது.

அக்குபங்சர் ஆய்வு இந்தியாவுக்கு அந்நியமான விஷயம் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் நகரத்துத் தெருக்களிலும் சிற்றூர்களிலும் அக்கு ஹீலர் பலகைகள் தொங்குகின்றன. அங்கீகாரம் வந்த பின் ஆய்வு வேண்டும் என்ற கோரிக்கை வருவது நியாயம். அந்த ஆய்வு எலிக்கூண்டில் தொடங்கிவிடுமோ என்பதுதான் கவலை. ஏனென்றால் அதுதான் எளிது. முப்பது எலிகளை வாங்கி மூன்று மாதத்தில் ஒரு கட்டுரை எழுதிவிடலாம். முந்நூறு முழங்கால் வலி நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஓராண்டு பின்தொடர ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும்.

அப்படித் தொடங்குவதைத் தடுப்பதற்கு நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. 1950களில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. விலங்குப் பரிசோதனையை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் தவிர்க்க முடிந்த இடத்திலெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. அதன்படி அமைந்த மத்தியக் குழுவில் பதிவு செய்யாமல் எந்த நிறுவனமும் விலங்கைத் தொட முடியாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருந்து, விண்ணப்பத்தைப் படித்து அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் வெளியாட்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்குபங்சரும் வலியும் சேர்ந்த விண்ணப்பம் வரும்போது இந்தக் குழுக்கள் கறாராகக் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது. இந்தக் கேள்வியை மனிதரிடம் கேட்க முடியாதா? முடியும் என்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. முடியாது என்றால், அடுத்த கேள்விகள் தாமாக வரும். பிடித்து வைக்கப்படுவதால் மட்டும் வரும் வலிக்குறைவை அளக்கத் தனி எலிகள் உண்டா? புள்ளி அல்லாத இடத்தில் அதே அளவு ஊசியும் மின்சாரமும் பெறும் எலிகள் உண்டா? அளப்பவருக்கு எது எந்த எலி என்று தெரியாதிருக்க என்ன ஏற்பாடு? பெண் எலிகள் எத்தனை? முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடுவோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தாயிற்றா? எந்த அளவு வலிக்கு மேல் போனால் ஆய்வை நிறுத்தி எலிக்கு மருந்து கொடுப்பார்கள்? விலங்கு ஆய்வை எப்படித் திட்டமிட்டு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2010இல் பிரிட்டனில் உருவாகி 2020இல் திருத்தப்பட்ட அரைவ் நெறிமுறைகள் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்கச் சொல்கின்றன. உலகெங்கும் ஆய்விதழ்கள் அவற்றை ஏற்றிருக்கின்றன.

அக்குபங்சரை நம்பும் சிகிச்சையாளர்களும் இதற்குத் துணை நிற்க வேண்டும். தங்கள் சிகிச்சை மனிதருக்குப் பயன்படுகிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினால், அதைக் காட்டும் இடம் அரசு மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவு. முழங்கால் தேய்மானம், ஒற்றைத் தலைவலி, நாள்பட்ட முதுகுவலி என்று நோயாளிகள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். விவரம் சொல்லிக் கேட்டால் அவர்களால் சம்மதிக்கவோ மறுக்கவோ முடியும். வலி எவ்வளவு குறைந்தது, இரவில் தூங்க முடிந்ததா, மாடிப்படி ஏற முடிந்ததா என்று அவர்களே சொல்வார்கள். காலில் நூல் கட்டி, கிருமி எண்ணெய் ஏற்றி, ஊசியால் வலி குறைகிறதா பார்க்கிறோம் என்று மட்டும் எழுதி வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கு நெறிமுறைக் குழுக்கள் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை ஏற்கெனவே அவர்கள் கையில் கொடுத்திருக்கிறது.